மேற்படி மைனர்

விமானத்தில் போகப்போகிறோம் என்று என் கணவர் சொன்ன அன்று எனக்கு முதலில் தோன்றியது, எந்தச் சேலை கட்டுவது என்பது. அடுத்துத் தோன்றியது, அது விழுந்துவிட்டால் பிள்ளையை யார் வளர்ப்பார்கள் என்பது. சேலை அன்றைக்கே முடிவாகிவிட்டது. மற்றதற்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் என் மாமனாரை என் தங்கைக்கு எழுதிக்கொடுக்கும் அளவுக்குப் போய்விட்டேன்.

எங்களுக்குக் கோவில்பட்டி பஜாரில் பெயிண்ட் கடை. அந்த வருஷம் நன்றாக விற்றுக்கொடுத்த கடைக்காரர்களை மனைவியோடு சென்னைக்கு விமானத்தில் அழைத்துப்போய் இரண்டு நாள் விருந்து வைப்பதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. பிள்ளைகளுக்கு இடமில்லை. என் மகனுக்கு அப்போது மூன்றரை வயது.

"ரெண்டு பேரும் ஒரே விமானத்துலயா போகணும்? நீங்க அதுல வாங்க. நான் முந்தின நாளே ரயில்ல போயிருதேன்" என்றேன்.

"ஏட்டி, ஜோடிக்குத்தான் பரிசு. நான் பக்கத்து சீட்டுல உன் கைப்பைய வச்சுக்கிட்டு போகவா?"

"அப்பம் உயில் எழுதிருவோம்."

அவர் கையில் இருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "ஒன்றரை மணி நேரத்துக்கு உயிலா? நாம பசுவந்தனை ரோட்டுல லாரிக்கு நடுவுல பைக்ல போறமே, அதுக்கு ஒருநாளாவது ஒரு சீட்டு எழுதி வச்சிருக்கியா?"

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எனக்கு பைக்கும் பயமாகிவிட்டது. உயிலுக்கு இரண்டு காரணம் ஆகிவிட்டது.

நான் கணக்கில் பட்டம் பெற்று, பி.எட். முடித்து, நான்கு வருஷம் பள்ளியில் பாடம் நடத்தியவள். எதையும் படிப்படியாகச் செய்யப் பழகியவள். ஆனால் ஒவ்வொரு படியிலும் நின்று, முந்தின படி சரிதானா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கமும் உண்டு. சொத்து விஷயத்தில் யோசிக்க ஒன்றுமில்லை. என் அப்பா இருக்கும்போது என் பெயருக்கு எழுதிவைத்த நாலு ஏக்கர் கரிசல் பசுவந்தனைப் பக்கம் இருக்கிறது. மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் வெடிப்பு. பிறகு என் நகைகள், என் கணவரின் கடை, இந்த வீடு. எல்லாம் மகனுக்கு. ஒரு வரியில் முடிந்துவிடும்.

மகன் யாருக்கு? அதுதான் கேள்வி. உயிலில் கார்டியன் என்று ஒரே ஒரு பெயர் எழுத வேண்டும்.

என் பெற்றோர் இப்போது இல்லை. மாமியாரும் இரண்டு வருஷத்துக்கு முன் போய்விட்டார். இருப்பது இரண்டு பேர். ஒன்று, திருப்பூரில் இருக்கும் என் மதினி, அதாவது கணவரின் அக்கா. இன்னொன்று, விளாத்திகுளத்தில் ஆசிரியையாக இருக்கும் என் தங்கை. மதினி நல்லவர்தான். ஆனால் அவர் வீட்டில் பிள்ளைகள் விடிவதற்கு முன் எழுந்து வாய்ப்பாடு சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு நான்கு டியூஷன். என் தங்கை வீட்டில் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அவள் சோறு ஊட்டும்போது கையில் போனைக் கொடுத்துவிடுவாள். வாய்ப்பாடா, போனா என்று ஒரு வாரம் தூங்காமல் யோசித்து, சிரிக்கிற வீடே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

கணவர் உடனே ஒப்புக்கொண்டார். "உன் தங்கச்சியே இருக்கட்டும். ஆனா அப்பாகிட்ட நீயே சொல்லு."

அங்கேதான் என் கால் நின்றுவிட்டது. மாமனார் எங்களோடுதான் இருக்கிறார். எழுபத்தைந்து வயது. சொந்த ஊர் நாகலாபுரம். ஒரே பேரன், அவர் பெயரைத் தாங்கியவன். அவனை அவருடைய மகள் இருக்கும்போது என் பிறந்த வீட்டுப் பக்கம் எழுதிவைக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? இந்த வீட்டில் நான் அவரை ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அவர் மனம் நொந்து மகள் வீட்டுக்குப் புறப்பட்டுப் போய்விட்டால், விமானம் விழாமலேயே குடும்பம் உடைந்துவிடும். நாளைக்குச் சொல்லலாம், வெள்ளிக்கிழமை வேண்டாம், அமாவாசை கழியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். சொல்லாமலேயே பத்திரம் எழுதுபவரிடமும் போய்விட்டேன்.

அவருடைய கடை சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மேசை நிறைய ஸ்டாம்பு மை. நானும் கணவரும் தனித்தனியே ஒரே மாதிரி இரண்டு உயில் எழுதிக்கொள்ளலாம் என்றார். கணவர் கடை திறக்க வேண்டும் என்று சொல்லி நழுவிவிட்டார். நான் உட்கார்ந்தேன்.

"பயலுக்கு என்ன பேரு?"

நான் ஒரு துண்டுத் தாள் கேட்டேன்.

"மகன் பேரச் சொல்லவா வெக்கம்?"

"அது எங்க மாமா பேரு, அண்ணாச்சி."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூத்த பையனுக்குத் தாத்தா பெயர். என் கணவருக்கு அவருடைய தாத்தா பெயர். என் மகனுக்கு அவனுடைய தாத்தா பெயர். அதனால் என் மாமனாரின் தகப்பன் பெயரும், என் மகனின் தகப்பன் பெயரும் ஒன்று. பெயர் ஒன்று, தகப்பன் பெயர் ஒன்று, இனிஷியல் ஒன்று. கிளினிக்கில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள். ஒருமுறை மூட்டு வலிக்குப் போன மாமனாரை நர்ஸ் உயரம் அளக்கும் பலகையில் நிறுத்தி, அட்டையைப் பார்த்து, "வளர்ச்சி நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று யாரும் எனக்குச் சட்டம் போடவில்லை. ஆனால் மாமியார் சொன்னதில்லை, எனக்கும் வாயில் வருவதில்லை. மகனுக்கு வீட்டில் வேறு செல்லப் பெயர்தான்.

எழுதிக் கொடுத்தேன். அவர் டைப் அடித்தார். நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

"அண்ணாச்சி, விமானம் விழுந்து, அவிய முதல்ல போயி, நான் ஒரு பத்து நிமிசம் உயிரோட இருந்தா?"

"பத்து நிமிசத்துக்கு ஒரு பத்தி போட்டுருதேன்."

"நான் முதல்ல போனா?"

"அதுக்கும் ஒண்ணு."

"தங்கச்சி எப்படி வளக்கணும்னு எழுதலாமா?"

"'நல்லமுறையில் பராமரித்து'ன்னு போட்டாப் போதும்மா. கோர்ட்டே அப்படித்தான் போடும்."

நல்லமுறை என்றால் என்ன? என் தங்கைக்குப் போன் கூட நல்லமுறைதான். நான் பையிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஒரு பெருமூச்சோடு எல்லாவற்றையும் டைப் அடித்தார்.

இரண்டு நாள் கழித்து எங்கள் வீட்டில் விநோதமான காரியங்கள் நடக்கத் தொடங்கின.

மாமனார் காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றார். வழக்கமாக அங்கே வர மாட்டார். "தாயி, விளாத்திகுளத்துல தண்ணி எப்படி? உப்பா?"

நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். "கொஞ்சம் உப்புதான் மாமா. குடிக்கக் கேன் தண்ணி வாங்குதாங்க."

"ம்" என்று போய்விட்டார்.

மத்தியானம் மறுபடியும் வந்தார். "உன் தங்கச்சி மாப்பிள எப்படி? கோபக்காரரா?"

"இல்ல மாமா, சத்தமே போட மாட்டாவ."

"ம்."

தெரிந்துவிட்டது. யாரோ சொல்லிவிட்டார்கள். கடைக்குப் போன் போட்டேன். "ஏங்க, மாமாவுக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு. சுத்திச் சுத்திக் கேக்காவ."

"நான் சொல்லல. நீ சொன்னியா?"

"நானும் சொல்லல."

"அப்பம் தெரியாது. பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தேன். சாயங்காலம் அவர் வெளியே போய்விட்டு ஒரு பொட்டலம் கடலை மிட்டாயோடு வந்தார். பேரனுக்கு என்று நினைத்துக் கைநீட்டினேன். "இது உனக்கு" என்றார். கல்யாணமாகி வந்த ஆறு வருஷத்தில் அவர் எனக்கென்று எதுவும் வாங்கி வந்ததில்லை. வாங்கக் கூடாது என்றில்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான். அதைக் கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "என் சொந்த மககூட இப்படி நெனச்சுப் பாக்கல தாயி. நீ நெனச்சிருக்க."

எவ்வளவு பெரிய குத்தல்! மிட்டாயைக் கையில் கொடுத்துவிட்டுக் குத்துகிறார். நான் அதில் ஒன்றைக்கூடச் சாப்பிடவில்லை. உயிலே வேண்டாம் என்று ஒரு மணி நேரம் நினைத்தேன். பிறகு மதினி பெயரையே எழுதிவிடலாம் என்று ஒரு மணி நேரம். பிறகு தூங்குகிற மகனைப் பார்த்தேன். விடிவதற்கு முன் எழுப்பி இவனை ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்கிற காட்சி கண்முன் வந்தது. முடியாது, தங்கைதான் என்று உறுதி செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது நானே நேரில் சொல்லிவிடுவது, நடப்பது நடக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் இலை போட்டேன். ரசம் வரைக்கும் தைரியம் வரவில்லை. ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது மாமனாரே ஆரம்பித்தார்.

"நானும் நல்லா யோசிச்சிட்டேன். உன் தங்கச்சி வீட்டுக்குப் போக எனக்குச் சம்மதம்."

கணவர் நிமிர்ந்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஆனா ரெண்டு மூணு விசயத்தத் திருத்திருங்க. காரம் கொறச்சுப் போடணும்னு எழுதிருக்க, அது சரி. வெந்நீருல குளிக்க வைக்கணும்னு எழுதிருக்க, ரொம்பச் சரி. கொசுவலையும் சரி. ரோட்டக் கடக்கையில கையப் பிடிச்சிக்கிடணும்னு போட்டிருக்கிய, அது வேண்டாம். ஊரு சிரிக்கும். கம்பு வச்சிருக்கேன். அப்புறம்…" வேட்டி மடிப்பிலிருந்து நான்காக மடித்த தாள்களை எடுத்தார். "'கல்வி அளித்து'ன்னு ஒண்ணு கெடக்கு. படிப்பு மட்டும் வேண்டாம் தாயி. இந்த வயசுல என்னால முடியாது."

என் கணவருக்கு ரசம் மூக்கில் ஏறிவிட்டது. இருமிக்கொண்டே எழுந்து கொல்லைப் பக்கம் ஓடினார்.

நான் தாள்களை வாங்கிப் பார்த்தேன். என் உயிலின் வரைவு. இரண்டாம் தாளும் மூன்றாம் தாளும் மட்டும். பத்திரம் எழுதுபவரும் மாமனாரும் ஒரே டீக்கடை. முதல் தாளில் ஒரு சர்வே எண் விட்டுப்போனதால் அதைத் திருத்த வைத்துக்கொண்டு, 'மருமககிட்டக் குடுத்துருங்க, படிச்சுப் பாத்துச் சொல்லட்டும்' என்று மீதியை இவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். 'எங்கள் மகன்' என்ற சொல் இருந்தது அந்த முதல் தாளில்தான். இரண்டாம் தாள் இப்படித் தொடங்கியது: 'மேற்படி மைனர்…' அதற்குப் பிறகு மாமனாரின் பெயர். பிறகு மாமனாரின் தகப்பனார் பெயர். அதன் பிறகு கடைசி வரைக்கும் மேற்படியார், மேற்படியார், மேற்படியார்.

"மாமா, 'மைனர்'னு போட்டிருக்கே, பாக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"பாத்தேன், பாத்தேன்" என்றார். முகம் மலர்ந்துவிட்டது. "அத யாரு ஒனக்குச் சொன்னா? அவன் சொன்னானா?"

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நாகலாபுரத்தில் அவருக்கு மைனர் என்றுதான் பெயர். ஒரே மகன், பட்டு ஜிப்பா, கழுத்தில் சங்கிலி, மணி வைத்த சைக்கிள். ஊரில் வயதானவர்கள் இன்றும் 'மைனர் வந்திருக்காவளா' என்றுதான் கேட்பார்கள். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே பெயருக்கு முன் மைனர் என்று அச்சிட்டவர். பத்திரத்தில் மருமகள் அந்தப் பட்டத்தை விட்டுவிடாமல் போட்டிருக்கிறாள் என்று இரண்டு நாளாகப் பூரித்துப் போயிருந்திருக்கிறார்.

எனக்கு இன்னும் ஒரு பிடி இருந்தது. "மாமா, 'மேற்படியார் மேஜர் ஆகும் வரை'ன்னு இருக்கே?"

"என் மூட்டு ஆப்பரேசனத்தான சொல்லுத? டாக்டர் மேஜர் ஆப்பரேசன்னுதான் சொன்னாரு. அது முடியிற வரைக்கும்னு எழுதிருக்க. அதுக்குப் பெறகு என்னைய நானே பாத்துக்கிடுவேன்."

கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். "யப்பா. அது நீங்க இல்ல. இவன்" என்று பேரனைக் காட்டினார். அவன் அப்பளத்தில் ஓட்டை போட்டு அதன் வழியாகத் தாத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமனார் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். பேரனைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். இப்போது வரும், 'என் மக இருக்கும்போது என் பேரன எதுக்கு அங்கன விடுத' என்று. மூன்று வாரமாக நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. அதற்கு ஏழெட்டுப் பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

"அப்பம் இது பூராம் இவனுக்கா?" என்றார்.

"ஆமா மாமா."

"வெந்நீரு?"

"அதுவும்தான் மாமா."

அவர் இலையில் கிடந்த சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினார். "ரெண்டு நாளா அங்கன எந்த ரூம்புல கட்டில் போடுவாவன்னு யோசிச்சிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிக்க முயன்றார். பிறகு, "நீங்க ரெண்டு பேரும் இல்லன்னா நான் என்ன செய்யணும்னு எங்கயாவது போட்டிருக்கா? அந்த மொதத் தாளுல இருக்குமோ?" என்றார்.

இருக்காது. முட்டை வாரத்துக்கு எத்தனை நாள் என்றுகூட எழுதச் சொல்லிக் கேட்டவள் நான். நான் பத்து நிமிஷம் உயிரோடு இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தவள். என் கையால் தினமும் சாப்பிடுகிற இந்த மனிதரை எந்தப் பத்தியிலும் நினைக்கவில்லை. அவரைப் பற்றி நான் யோசித்ததெல்லாம், அவர் சண்டை போடுவாரே என்பது மட்டும்தான். தயாரித்து வைத்திருந்த ஏழெட்டுப் பதிலில் ஒன்றும் இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. ரசக் கிண்ணத்தோடு நின்றுகொண்டே அழுதுவிட்டேன்.

"ஏம்மா, எதுக்கு அழுத? இன்னும் ஒண்ணும் விழலல்ல" என்றார். "இதுக்குப் போயி புதுசா எழுத வேண்டாம். பேரு ஒண்ணு. தகப்பன் பேரு ஒண்ணு. 'மேற்படியார்'னு இருக்கத 'மேற்படியார்கள்'னு மாத்தச் சொல்லு. முடிஞ்சுபோச்சு. படிப்ப மட்டும் அவனுக்குத் தனியாப் போட்டுரு."

தங்கைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். மகனை அவள் பொறுப்பில் விடுவது பற்றி அவளிடம் ஏற்கனவே கேட்டிருந்தேன்.

"ரெண்டு மைனரையுமாக்கா?"

"ஆமாட்டி. மாமா பக்கத்துலதான் இருக்காவ."

"வாங்க மாமா. வந்து எம்பிள்ளைகளையும் சேத்து மேய்ங்க. எங்க வீட்டுல சொன்ன பேச்சு கேக்க ஆளே இல்ல." பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே, "அக்கா, நீங்க ரயில்லயே போயிட்டு வந்துருங்களேன்" என்றாள்.

அடுத்த புதன்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போடப் போனோம். பத்திரம் எழுதுபவர் 'கள்' சேர்த்து, வயது இரண்டையும் தெளிவாகப் போட்டு, பெரியவர் மைனர் அல்ல என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். அந்த வரியில் மாமனாருக்குக் கொஞ்சம் வருத்தம். தானே சாட்சிக் கையெழுத்தும் போடுவதாகச் சொன்னார். உயிலால் பலன் அடைகிறவர் சாட்சி போடக் கூடாது என்று அவரைத் தடுத்துவிட்டார்கள். "பாத்தியளா, நான் பலன் அடையிறவன்" என்று அறிமுகமே இல்லாத இருவரிடம் சொன்னார்.

எங்கள் முறைக்காக பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கணவர் மகனுக்கு ஜூஸ் வாங்கப் போயிருந்தார். கையெழுத்துப் போடும் முன் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு உறுத்தியது. இல்லாவிட்டால் விமானத்தில் முழுக்க இதையேதான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

"மாமா, இவன மதினிகிட்ட விடாம என் தங்கச்சிகிட்ட விடுதேன். ஒங்களுக்கு மனசுல ஒண்ணும் இல்லையே?"

அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். "அங்கன வீடு மூணாவது மாடி தாயி. பய ஏறிருவான். நான் எப்படி ஏறுவேன்?"

அவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனத்திலிருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. எங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய், மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில்தான் நினைவுக்கு வந்தது. திருப்பூரில் மதினி வீட்டில் லிப்ட் இருக்கிறது. போன தீபாவளிக்குப் போயிருந்தபோது, பேரனுக்கு வேடிக்கை காட்ட மாமனாரே அதில் அவனை ஏழெட்டு முறை ஏற்றி இறக்கினார். வாட்ச்மேன் வந்து திட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். அவர் பேரன் குடித்து மீதி வைத்த ஜூஸைக் குடித்துக்கொண்டிருந்தார்.